ஆறே நாளில் பறந்த தேன்சிட்டு

என் பேத்தி ஏழாவது படிக்கிறாள். பள்ளிக்கூடத்தில் ஒரு வேலை கொடுத்திருக்கிறார்களாம். ஒரு பூச்செடியையும் ஒரு பாடும் குருவியையும் எடுத்துக்கொண்டு, இரண்டுக்கும் என்ன ஒற்றுமை, என்ன வித்தியாசம் என்று கட்டம் போட்டு எழுதிக்கொண்டு போக வேண்டும். அவள் செல்போனை நோண்டி ஏதோ வெளிநாட்டுப் பூவையும், நம் ஊர்ப் பக்கமே எட்டிப் பார்க்காத ஒரு குருவியையும் எடுத்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். பெயரை வாய்விட்டுப் படிக்கவே அவளுக்கு நாக்கு சுளுக்கியது.

"ஏன்டி, இந்தப் பூவ நீ பாத்திருக்கியா?" என்றேன்.

"இல்ல ஆயா."

"இந்தக் குருவிய?"

"போட்டோல பாத்தேன்."

"அப்பறம் என்னாத்த எழுதுவ? பொண்ணையே பாக்காம அவ மூக்கு நல்லாருக்குது, முழி நல்லாருக்குதுன்னு சொல்றாப்பல இருக்குது. பூளப்பூவையும் தேன்சிட்டையும் எழுது. நான் சொல்றன்."

எனக்கு எழுதப் படிக்கத் தெரியாது. கைநாட்டுதான். பள்ளிக்கூடத்துக்கும் எனக்கும் உள்ள உறவு, அதன் பின்னால் இருந்த மேட்டில் ஆடு மேய்த்ததோடு சரி. ஆனால் இந்த ஒரு பாடத்தை மட்டும் எட்டு வயதிலேயே படித்து, வீட்டு வாசலில் நாயம் பேசி, பெரியவர்களை வாயடைக்க வைத்தவள் நான். அதனால் நான் சொல்லச் சொல்ல இவள் எழுதிக்கொள்கிறாள். தப்பு இருந்தால் அவள் கை. நல்லா இருந்தால் என் வாய்.

பூளைப்பூவைத் தெரியாதவர்களும் இருப்பார்கள். முழங்கால் உயரத்துக்குக்கூட வராத செடி. வரப்பு, கல்லாங்காடு, பாதையோரம் என்று எங்கே யாரும் எதையும் விதைக்க மாட்டார்களோ அங்கே நிற்கும். பூ என்று பேர்தானே தவிர, வெள்ளைப் பஞ்சைச் சின்னச் சின்னத் திரியாகத் திரித்துத் தண்டில் ஒட்டவைத்த மாதிரி இருக்கும். வாசனை கிடையாது. தேன் கிடையாது. யாரும் தலையில் வைக்க மாட்டார்கள். ஆடு கடித்தாலும் மறுபடி துளிர்க்கும், மிதித்தாலும் எழுந்து நிற்கும். நீர் பிரியாமல் கல்லடைப்பில் துடிக்கிறவர்களுக்கு இதைக் கஷாயம் போட்டுக் கொடுப்பார்கள். மற்ற நாளில் அதைத் திரும்பிப் பார்க்க ஆள் கிடையாது.

ஆனால் போகியன்று அதுதான் மகாராணி. பூளைப்பூ, ஆவாரம்பூ, வேப்பிலை மூன்றையும் ஒரே கொத்தாகச் சேர்த்து எரவாணத்தில், அதாவது வாசலுக்கு மேலே கூரை இறங்குகிற இடத்தில், செருகுவோம். மாட்டுக்கொட்டகைக்கு ஒரு கொத்து, கிணற்றுமேட்டுக்கு ஒன்று, காட்டுக்கு ஒன்று, குப்பைமேட்டுக்கும் ஒன்று. இதைத்தான் காப்புக் கட்டுவது என்போம். அடுத்த போகி வரைக்கும் கெட்டது எதுவும் வாசற்படி தாண்டாமல் அது பார்த்துக்கொள்ளும். ஆவாரம்பூ இரண்டு நாளில் உதிர்ந்துவிடும். வேப்பிலை சருகாகிவிடும். பூளைப்பூ மட்டும் வருஷம் முழுக்க வெள்ளையாகவே நிற்கும். இப்போது என் மகன் கட்டியிருக்கும் மாடி வீட்டுக்கு எரவாணம் ஏது? இரும்பு கேட்டில்தான் கட்டுகிறோம். தருமபுரி பஸ் ஸ்டாண்டுக்கு வெளியே பூளைப்பூவைக் கட்டுக் கட்டாகப் போட்டு விற்கிறார்கள். வரப்பில் சும்மா நின்றதை விலைக்கு வாங்குகிற காலம் வந்தாலும், கட்டுவதை நாங்கள் விடவில்லை.

"எழுதிட்டேன் ஆயா, குருவிக்கு வா" என்றாள் பேத்தி.

குருவிக்கு அவ்வளவு சீக்கிரம் வர முடியுமா? முதலில் என் அப்பாவின் கை பிசக வேண்டும்.

எங்கள் வீட்டில் காப்புக் கட்டுவது அப்பா. அந்த வருஷம் போகிக்கு நாலு நாள் இருக்கும்போது வண்டியிலிருந்து சறுக்கி விழுந்து, வலது மணிக்கட்டில் மூங்கில் பத்தை வைத்துக் கட்டியிருந்தது. எனக்கு அண்ணன் தம்பி கிடையாது. அம்மாவின் தம்பி, என் மாமா, காரிமங்கலம் சந்தைக்கு வந்தால் எங்கள் வீட்டில் இரண்டு நாள் தங்கிக் கேலி பேசிவிட்டுப் போகிறவர்தான். ஆனால் போகியன்று அவர் அவருடைய வீட்டுக் காப்பைக் கட்ட வேண்டாமா? அப்பா கொஞ்ச நேரம் எரவாணத்தைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார். குனிந்து உட்கார்ந்து, "ஏறு பாப்பா" என்றார். தோளில் உட்காரவைத்து எழுந்து நின்றார். நான் என் கையால் கொத்தைச் செருகினேன்.

அத்தை சும்மா இருப்பாளா? அத்தை என்றால் அப்பாவின் அக்கா. புருஷன் போனபிறகு எங்கள் வீட்டோடு வந்துவிட்டவள். அவளுக்குப் பிள்ளைகள் இல்லை. வாய் மட்டும் பத்துப் பிள்ளை பெற்றவளின் வாய்.

"பொட்டப்புள்ள கட்டுன காப்பு எப்பிடிடா நிக்கும்?"

"சூரியன் வந்து யாரு கட்டுனதுன்னு கேக்கப்போறானாக்கா? நீ சும்மா இரு."

அத்தை முகத்தைத் திருப்பிக்கொண்டாள். நான் அன்றைக்கு முழுக்க அந்தக் கொத்துக்குக் கீழேயே நின்றேன். தெருவில் போனவர்கள், வந்தவர்கள், தண்ணீர் கேட்டு வந்த வளையல்காரர் எல்லோரிடமும் "நான் கட்டுனது" என்று சொன்னேன். கேட்க ஆள் இல்லாதபோது ஆட்டிடம் சொன்னேன்.

பொங்கல் முடிந்த கையோடு அக்காவைப் பிரசவத்துக்கு அழைத்து வந்தார்கள். அக்கா என்னைவிடப் பத்து வயது மூத்தவள். பொம்மிடிப் பக்கம் கட்டிக்கொடுத்திருந்தது. முந்தின வருஷம் அவளுக்குப் பிறந்த முதல் குழந்தை ஒரு வாரம்கூடத் தங்கவில்லை. அதனால் இந்த முறை வீட்டில் எல்லோரும் குரலைத் தாழ்த்தியே பேசினார்கள். அக்கா பேசவே இல்லை. உள்ளறையில் சுவரைப் பார்த்துப் படுத்துக் கிடந்தாள். அம்மா தட்டில் களி உருண்டையை வைத்தால் பாதிதான் காலியாகும். அந்தப் பாதியும் நான் தின்றது.

"இப்பிடி உண்ணாமக் கெடந்தா உள்ளார இருக்கறது எப்பிடித் தெம்பா வரும்?" என்று அம்மா புலம்புவாள். அத்தை வேப்பிலையைப் போட்டுத் தண்ணீர் காய்ச்சுவாள், திருஷ்டி சுற்றுவாள், அறை வாசலில் உட்கார்ந்து ஊர்க்கதை பேசிப் பார்ப்பாள். சுவரிடம் பேசின மாதிரிதான்.

எனக்கு என்ன தோன்றியது தெரியுமா? இதற்கு ஏன் இத்தனை பயம்? வாசலில் நான் கட்டிய காப்பு இருக்கிறதே!

மாசி பிறந்தது. இப்போது குருவிக்கு வந்துவிட்டேன்.

எரவாணத்தில் காப்புக்கு இரண்டு முழம் தள்ளி ஒரு பழைய கயிற்று நுனி தொங்கிக்கொண்டிருந்தது. விதைச் சோளக் கதிரைக் கட்டித் தொங்கவிட்ட கயிறு. கதிரை எடுத்தபின் கயிற்றை யாரும் அவிழ்க்கவில்லை. அந்த நுனியில் ஒரு நாள் காலையில் ஒட்டடை மாதிரி ஏதோ ஒட்டியிருந்தது. மறுநாள் ஒட்டடை கொஞ்சம் நீண்டது. அதற்கு மறுநாள் அதில் சருகும் மரப்பட்டைத் துணுக்கும் ஒட்டின. தேன்சிட்டு கூடு கட்டுகிறது!

தேன்சிட்டின் எடையைக் கேட்டால் ஒரு வெற்றிலை எடை சொல்லலாம். அவ்வளவுதான் குருவி. ஆணுக்குக் கழுத்தில் வெயில் பட்டால் ஊதாவும் செம்பும் மின்னும், வயிறு மஞ்சள் பூசின மாதிரி. பெண்ணுக்கு அந்தப் பகட்டெல்லாம் கிடையாது. ஆனால் கூட்டு வேலை முழுவதும் அவள்தான். சிலந்தி வலையைப் பறித்து வந்து நூலாக்கி, சருகைத் தைத்து, வாசல் வைத்து, அந்த வாசலுக்கு மழை படாமல் மேலே ஒரு சின்னத் தாழ்வாரமும் இறக்குவாள். ஆண் என்ன செய்வான்? முருங்கைக் கிளையில் உட்கார்ந்து பாடிக்கொண்டிருப்பான்.

"பாட்டுப் பாடியே பொழுத ஓட்டறான் பாரு. எங்க வூட்டுக்காரரு மறுபடி பொறந்து வந்துட்டாரு" என்றாள் அத்தை. செத்துப்போன மனுஷனைக்கூட விட மாட்டாள்.

எனக்கும் முதல் மூன்று நாள் சந்தோஷமாகத்தான் இருந்தது. நாலாம் நாள் பார்க்கிறேன், அந்தப் பெண் சிட்டு நேராக என் காப்பில் வந்து உட்கார்ந்தது. பூளைப்பூவில் ஒரு இழுப்பு. வாய் நிறைய வெள்ளைப் பஞ்சோடு கூட்டுக்குள் போனது. மறுபடி வந்தது. மறுபடி ஒரு இழுப்பு.

ஊரெல்லாம் முருங்கைப்பூ இருக்கிறது, செம்பருத்தி இருக்கிறது, தேன் குடிக்க ஆயிரம் பூ. ஒரு சொட்டுத் தேன் இல்லாத என் பூவைத்தானா தேடி வரவேண்டும்? குச்சி எடுத்துக்கொண்டு கீழே நின்றேன். நான் "சூ" என்றால் அது முருங்கைக்குப் போகும். நான் மூக்கைச் சொறிந்தால் காப்புக்கு வந்துவிடும். ஆடு மேய்க்கவும் போக வேண்டும், காவலும் காக்க வேண்டும் என்றால் எட்டு வயதுப் பிள்ளை என்ன செய்யும்? நாலைந்து நாளில் என் காப்பில் வெறும் குச்சியும் சருகும்தான் மிச்சம்.

நல்ல வேளை, இன்னும் யாரும் அண்ணாந்து பார்க்கவில்லை. வேறு பூளைப்பூ கொண்டுவந்து செருகிவிடலாம் என்று வரப்பு வரப்பாகத் தேடினேன். வெயிலில் காய்ந்ததும் ஆடு தின்றதும் போக ஒன்றும் இல்லை. ஆனால் வழியில் ஒரு செடியில் காய் வெடித்து, வெள்ளைவெளேர் என்று பஞ்சு பொங்கிக்கொண்டு நின்றது. பூளைப்பூவைவிட வெள்ளை. பட்டு மாதிரி மினுமினுப்பு. மடி நிறைய அள்ளிக்கொண்டு வந்தேன். உரல்மேல் ஏறி, ஒரு குச்சியால் தள்ளித் தள்ளி எரவாணத்தில் திணித்தேன். காப்பு பழையபடி வெள்ளையாகிவிட்டது. என் கெட்டிக்காரத்தனத்தை நானே மெச்சிக்கொண்டேன்.

அந்தச் செடி எருக்கு.

எங்கள் பக்கத்து மனிதர்களுக்கு இதைச் சொன்னாலே உடம்பு தூக்கிப்போடும். ஆள் இல்லாமல் பாழாய்ப்போன வீட்டில்தான் எருக்கு முளைக்கும். மண்ணை வாரித் தூற்றிச் சாபம் விடுகிறவர்கள் "உன் வூட்ல எருக்கு மொளைக்க" என்றுதான் விடுவார்கள். அதைப் போய், பிள்ளைத்தாய்ச்சி இருக்கிற வீட்டில், காப்பு இருக்கிற இடத்தில் வைத்தேன். எனக்கும் அந்தச் சாபம் தெரியாமல் இல்லை. செடிதானே ஆகாது, பஞ்சுக்கு என்ன என்று நினைத்துவிட்டேன்.

மறுநாள் காற்று அடித்தது. எருக்கம்பஞ்சுக்கு ஒரு குணம் உண்டு. ஒவ்வொரு இழையும் ஒரு விதையைத் தூக்கிக்கொண்டு பறக்கும். பறந்தது. வாசல் வழியாக உள்ளே போய், அக்காவின் பாய்மேல் போய் உட்கார்ந்தது. தண்ணீர்ச் சொம்பு கொண்டுபோன அத்தை அதைப் பார்த்தாள்.

சொம்பு விழுந்த சத்தம் எனக்கு இப்போதும் கேட்கிறது.

"எருக்கு! அய்யோ, எருக்குடா! எந்தப் பாவி கை இத வெச்சுது?"

அப்பா ஓடி வந்தார், அம்மா ஓடி வந்தாள். அன்று சந்தைக்கு மறுநாள் என்பதால் மாமாவும் வீட்டில் இருந்தார். எல்லோரும் அண்ணாந்து எரவாணத்தைப் பார்த்தார்கள். பிறகு எல்லோரும் என்னைப் பார்த்தார்கள்.

"குருவி" என்றேன். "குருவிதான் கொண்டாந்து வெச்சுது."

இந்த ஒரு பொய்யை மட்டும் விட்டுவிட்டு இந்தக் கதையைப் பலமுறை சொல்லியிருக்கிறேன். இப்போது எழுதுவதால் உண்மையைச் சொல்கிறேன்.

அத்தை மூலையில் இருந்த நீளக் கழியை எடுத்துக்கொண்டு கூட்டைப் பார்த்துப் போனாள். கழியின் நுனி கயிற்றைத் தொட்டது. உள்ளே இருந்த பெண் சிட்டு விர்ரென்று வெளியே பாய்ந்தது. வாயைத் திறந்தால் எனக்கு உதை, திறக்காவிட்டால் கூடு போய்விடும். இரண்டுக்கும் நடுவில் வாயைப் பாதி திறந்துகொண்டு நின்றேன்.

மாமாதான் கழியைப் பிடித்துக்கொண்டார். "அண்ணி, குத்தம் சாட்டுனா நாயம் கேக்கணுமில்லீங்க? ரெண்டு கட்சியையும் கூப்பிடுங்க. பூவுக்கு இந்தப் பாப்பா பேசட்டும், காப்புக் கட்டுனவ அவதான். குருவிக்கு நான் பேசறன். எது இந்த வூட்டுக்கு ஒசத்தின்னு நீங்களே சொல்லுங்க. தோத்தது எரவாணத்த விட்டுப் போவட்டும்."

"வெளையாட்டுக்கு நேரமாடா இது?"

"நேரந்தாங்க" என்றார் மாமா. சொல்லிவிட்டு உள்ளறைக் கதவைப் பார்த்தார். எதற்குப் பார்த்தார் என்று எனக்கு அப்போது விளங்கவில்லை.

வாசலில் நாயம் நடந்தது. மாமா துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு வக்கீல் மாதிரி கனைத்தார்.

"எங்க கட்சிக்காரிக்குக் கை கெடையாது. மூக்கு ஒண்ணுதான். அத வெச்சே வூடு கட்டுது. உங்க பூவுக்கு என்னா தெரியும்? நட்ட எடத்துல நிக்கத் தெரியும்."

"யாரும் நடல!" என்றேன். "தானா மொளச்சுது. தண்ணியும் ஊத்தல."

"எங்க குருவி பாடும்."

"பாடறது உங்க கட்சிக்காரியில்ல, அவ வூட்டுக்காரன். எங்க பூவு பேசாமலே காவல் காக்கும்."

அத்தையின் உதடு லேசாகக் கோணியது. சிரிப்பை அடக்கினால் அவளுக்கு அப்படித்தான் கோணும்.

"எங்க குருவி பூப்பூவா போயி நாலு எடம் பாத்த ஆளு."

"எங்க பூவு ஒரே எடத்துல நின்னு கல்லடைப்பு தீக்கும். உங்க குருவியக் கரைச்சுக் குடிச்சா தீருமா?"

அப்பா வாய்விட்டுச் சிரித்துவிட்டார். கட்டுப்போட்ட கையால் வாயை மூடப் போய், வலித்து, மறுபடி சிரித்தார்.

"சரி, கடைசியா ஒண்ணு" என்றார் மாமா. குரல் மாறிவிட்டது. "எருக்கம்பஞ்சக் குருவி கொண்டாந்துச்சுன்னு சொன்னியே? கொண்டாந்தது தன் வூட்டுக்குள்ளதான வெச்சிருக்கும்? வா, பாப்போம்." என்னைத் தூக்கிக் கூட்டு வாசலுக்கு நேராகப் பிடித்தார்.

உள்ளே இருட்டாக இருந்தது. கண் பழகியதும் பார்த்தேன். வேப்பம்பழம் அளவில் இரண்டு முட்டை. அடியிலும் சுற்றிலும் மெத்தை மாதிரி வெள்ளை. எருக்கு ஒரு இழைகூட இல்லை. எல்லாம் என் பூளைப்பூ. போகியன்று அப்பா தோளில் உட்கார்ந்து நான் செருகிய அதே பூ.

"என்னா பாப்பா தெரியுது?"

எனக்கு அழுகை பீறிக்கொண்டு வந்தது. "நாந்தான் எருக்க வெச்சேன். பூளப்பூ கெடைக்கல. குருவி வெக்கல" என்று கத்தினேன். கீழே இறக்கிவிட்டார். அத்தையின் கழி என் பக்கம் திரும்புமுன் நான் மூச்சுவிடாமல் சொன்னேன்: "ஆனா காப்பு போகல அத்த. எரவாணத்துல இருந்தது கூட்டுக்குள்ள போயிருக்குது, அவ்வளவுதான். ரெண்டு முட்டயச் சுத்திக் காப்பு கட்டியிருக்குது. கூடு நம்ம எரவாணத்துலதான இருக்குது? அப்ப காப்பும் நம்ம வூட்டுலதான இருக்குது? கூட்டப் பிச்சா நம்ம காப்பத்தான் பிக்கறோம்!"

எட்டு வயதில் நான் பேசிய அந்தப் பேச்சை நினைத்தால் இன்றைக்கும் எனக்குத் தலை ஒரு சாண் உயரும். வக்கீலுக்குப் படித்தவர்களும் அப்படிப் பேச மாட்டார்கள்.

"சின்னப்புள்ள நாயம்" என்று அத்தை முணுமுணுத்தாள். ஆனால் கழியைக் கீழே வைக்கவில்லை.

அப்போது உள்ளறைக் கதவுப் பக்கமிருந்து ஒரு குரல் வந்தது. "இருக்கட்டும் அத்த. அது பாட்டுக்கு இருக்கட்டும்."

அக்கா. நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தாள். எத்தனை நேரமாக நின்றாளோ தெரியாது. தாய்வீட்டுக்கு வந்த பிறகு அவள் முழுசாகப் பேசிய முதல் பேச்சு அதுதான்.

அத்தை கழியைக் கொண்டுபோய் மூலையில் சாத்தினாள். எருக்கம்பஞ்சைக் கடைசி இழை வரைக்கும் எடுத்துத் தெருவில் கொளுத்தினாள். என் முதுகில் ஒரு அறை கொடுத்தாள், அது எருக்குக்கு. அதோடு தீர்ப்பு முடிந்தது.

அன்றிலிருந்து அக்கா காலையில் எழுந்து வாசலுக்கு வந்து உட்காருவாள். கூட்டைப் பார்த்துக்கொண்டே களியை உருட்டிப் போட்டுக்கொள்வாள். எனக்குப் பாதிக் களி குறைந்துபோனது, பரவாயில்லை. "உள்ளார இருக்கா? வெளிய போயிட்டாளா?" என்று பெண் சிட்டைப் பற்றி ஏதோ பக்கத்து வீட்டுக்காரி மாதிரி விசாரிப்பாள். "நீ கட்டுன காப்புதான்டி அவளுக்கும்" என்பாள். என் காப்பு இரண்டு பேருக்குக் காவல் என்றால் எனக்குக் கால் தரையில் நிற்குமா?

அதைவிட வேடிக்கை அத்தை. எந்தக் கழியால் கூட்டை இடிக்கப் போனாளோ அதே கழியோடு முருங்கைக்கடியில் உட்கார்ந்து, பூனை வராமல், காக்காய் வராமல் காவல் காத்தாள். "என்னாத்துக்கு அத்த?" என்று நான் கிண்டல் செய்தால், "வெயில் காயறன் போடி" என்பாள். மாசி வெயிலை யாராவது காய்வார்களா?

ஒரு நாள் கூட்டுக்குள்ளிருந்து ஊசி மாதிரி இரண்டு குரல் கேட்டது. பொரித்துவிட்டது! அக்கா அன்றைக்குச் சிரித்தாள். நான் விரல் விட்டு நாள் எண்ண ஆரம்பித்தேன்.

ஆறாம் நாள் காலை. குருவிச் சத்தத்தில்தான் எழுந்தேன். வெளியே வந்தால், அத்தை எரவாணத்துக்கு நேர் கீழே சாணித் தண்ணீர் தெளித்துப் பெருக்கிக்கொண்டிருந்தாள். வாசல் தெளிப்பது அம்மாவின் வேலை. அத்தை எப்போதும் துடைப்பத்தைத் தொட மாட்டாள். சந்தைக்கு வந்து தங்கியிருந்த மாமா வேப்பமரத்துக் காக்காய்கள்மேல் கல்லை விட்டுக்கொண்டிருந்தார். கூடு அடிப்பக்கம் கிழிந்து, வெள்ளைப் பஞ்சு வெளியே தொங்கியது.

"அத்த! குஞ்சு எங்க?"

அத்தை நிமிரவில்லை. "பறந்துருச்சுங்க."

"ரெண்டுமா?"

"ரெண்டுந்தான். நீ தூங்கி முடிக்கற வரைக்கும் குருவி காத்துக்கிட்டு இருக்குமா?"

"கூடு ஏன் கிழிஞ்சிருக்குது?"

"போற அவசரம். உன்னாட்டமே."

பெரிய சிட்டு இரண்டும் கயிற்றுக்கும் முருங்கைக்குமாகப் பறந்து பறந்து கத்தின. "இதுங்க ஏன் இப்பிடிக் கத்துதுங்க?" என்று கேட்டேன். அத்தை கொஞ்ச நேரம் பெருக்கின இடத்தையே பெருக்கினாள். "கத்தல. பாடுதுங்க. புள்ளைங்க பறந்தா பெத்தவங்க பாட மாட்டாங்களா?"

ஓடினேன் உள்ளே. "அக்கா! பறந்துருச்சு அக்கா! ரெண்டும்! அம்மாக்காரி பாடறா, வந்து கேளு!"

அக்கா மெல்ல எழுந்து வாசலுக்கு வந்தாள். கூட்டைப் பார்த்தாள். தெளித்து ஈரமாயிருந்த தரையைப் பார்த்தாள். அத்தையைப் பார்த்தாள். அத்தை துடைப்பத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். கல்லோடு நின்ற மாமாவும் அசையவில்லை.

"பொரிச்சு எத்தன நாள்டி ஆச்சு?" என்று அக்கா என்னைக் கேட்டாள்.

"ஆறு நாள்!" விரலைக் காட்டினேன்.

"ஆறே நாள்ல பறந்துச்சா!" என்றாள் அக்கா. "ஏன் பறக்காது? உம் பூளப்பூ மெத்தையாச்சே."

நான் குதித்துக் கைதட்டினேன். அக்காவும் என்னோடு சேர்ந்து கைதட்டினாள். பிறகு, "பசிக்குது அத்த. ஏதாச்சும் இருக்குதா?" என்றாள். அத்தை துடைப்பத்தைப் போட்டுவிட்டு ஓடி, பழைய களியைக் கரைத்துக்கொண்டு வந்து, சொம்பை அக்காவின் கையில் கொடுக்காமல் தானே பிடித்து ஊட்டினாள். அவ்வளவு பெரிய பெண்ணுக்கு ஏன் ஊட்டுகிறாள் என்று எனக்குக் கொஞ்சம் பொறாமையாகக்கூட இருந்தது.

பங்குனியில் அக்காவுக்குப் பெண் பிறந்தது. அது அழுத அழுகையில் கொட்டகை மாடு மிரண்டது. அந்தக் குழந்தை இன்றைக்குத் தானும் ஆயாவாகிவிட்டாள். போனில் பேசினால் நான் போனைக் காதுக்கு ஒரு முழம் தள்ளிப் பிடிக்க வேண்டும். குரல் இன்னும் அப்படியே இருக்கிறது.

அதற்குப் பிறகு எத்தனை கல்யாணத்தில், எத்தனை களையெடுப்பில் இந்தக் கதையைச் சொல்லியிருப்பேன்! பூவா குருவியா என்றால் என் தீர்ப்பு பூதான். குருவி கூடு கட்டும், சரி. பூளைப்பூ மெத்தை போட்டால்தான் குஞ்சு ஆறே நாளில் பறக்கும். வேறு கூடுகளில் நாள் பிடிக்கிறதே என்று யாராவது சொன்னால், "அதுங்களுக்குக் காப்புப் பூ மெத்தை ஏது?" என்று வாயடைத்துவிடுவேன்.

இன்றைக்கும் அதைத்தான் சொன்னேன். "கடைசிக் கட்டத்துல எழுது. பூளப்பூ மெத்தையில பொரிச்ச தேன்சிட்டு ஆறே நாள்ல பறக்கும்."

பேத்தி எழுதவில்லை. போனைத் தடவினாள். "ஆயா, ரெண்டு வாரத்துக்கு மேல ஆகும்னு போட்டிருக்குது. ஆறு நாள்ல கண்ணே அப்பதான் தொறக்குமாம். றெக்கை மொளச்சிருக்காதாம்."

"அது போன்ல இருக்கற குருவி. இது எங்க வூட்டுக் குருவி" என்றேன் பட்டென்று.

அவள் சிரித்துவிட்டு, எதை எழுதுவது என்று பேனாவைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்தாள். நானும் உட்கார்ந்திருந்தேன். தெளித்த சாணித் தண்ணீர். துடைப்பத்தைத் தொடாத அத்தை கையில் துடைப்பம். வேப்பமரத்துக் காக்காய். மாமா கையில் கல். எல்லாம் அங்கேயேதான் இருந்தன. இத்தனை வருஷம் அவற்றை வாய் ஓயாமல் சொல்லியிருக்கிறேன், ஒரு தடவைகூடப் பார்த்ததில்லை.

"என்னா ஆயா, கோவமா?" என்றாள் பேத்தி.

கோபமா? பெருமையில் எனக்கு நெஞ்சு கொள்ளவில்லை. பிள்ளை பெறாத அத்தை, விடிவதற்குள் அந்த இடத்தைத் துடைத்து மெழுகி, கண்ணை நிமிர்த்தாமல் ஒரு பொய்யைக் கட்டி நிறுத்தினாள். யாருக்காகக் கட்டினாளோ அவளுக்கு அது ஒரு பார்வையிலேயே தெரிந்துபோனது. என் அக்காவும் எனக்கு முன்னால் அதே மேட்டில் ஆடு மேய்த்தவள்தான். எத்தனை கூடு பார்த்திருப்பாள்! குஞ்சு எத்தனை நாளில் பறக்கும் என்று அவளுக்கா தெரியாது?

"ரெண்டு வாரம்னே எழுதிக்கோ கண்ணு" என்றேன்.

தெரிந்துதான் அக்கா அன்றைக்கு, வயிற்றின்மேல் வைத்திருந்த இரண்டு கையையும் எடுத்து எனக்குச் சரிசமமாகத் தட்டினாள். மேலே அந்தச் சிட்டு இரண்டும் கிழிந்த கூட்டைச் சுற்றிச் சுற்றிக் கத்திக்கொண்டிருந்தன. நான் அதைப் பாட்டு என்று நினைத்து, தாளம் தப்பாமல் தட்டிக்கொண்டிருந்தேன்.